முதல் பேட்ச் அனுப்பப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஓப்பன் சோர்ஸுக்கு, அதாவது யாரும் கோடைப் பார்த்து பேட்ச் (திருத்தம்) அனுப்பக்கூடிய மென்பொருள்களுக்கு, புதிதாக வருகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வேலை முடிந்த மாலைகளில் சில மென்பொருள்களுக்கு நிரல் எழுதுகிறேன். ஒன்றில் மெயின்டெய்னராகவும் (வரும் திருத்தங்களைப் பார்த்துச் சேர்க்கும் பொறுப்பாளர்) இருப்பதால் அனுப்புகிறவர் படும் பாடும் தெரியும், வாங்கிப் பார்க்கிறவர் படும் பாடும் தெரியும்.

அக்கா, பி.இ. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். பைத்தான் ஓரளவு வரும். கிட்ஹப்பில் கடல் மாதிரி ப்ராஜெக்ட் கிடக்கிறது. எதில் ஆரம்பிப்பது?
(மாணவி, கோவை)

நீ தினமும் திறக்கிற மென்பொருளில் ஆரம்பிம்மா. விஎல்சியோ லிப்ரேஆபிஸோ, ப்ராஜெக்ட் வேலைக்கு இறக்கிய ஏதாவது பைத்தான் லைப்ரரியோ, எதுவானாலும் சரி. அது எங்கே படுத்துகிறது என்று பயன்படுத்துகிற உனக்குத்தான் தெரியும்.

முதல் நாளே கோடில் கை வைக்காதே. ரீட்மீயில் (ப்ராஜெக்ட்டோடு வரும் அறிமுகக் கோப்பு) சொன்னபடி ஒவ்வொரு கட்டளையாகப் போட்டு அதை உன் கணினியில் ஓட வை. எங்கே தடுக்கியதோ அதைக் குறித்துக்கொள். பழைய ஆட்களின் கணினியில் தேவையானதெல்லாம் எப்போதோ ஏறிவிட்டது. வழிகாட்டியில் ஒரு படி விட்டுப்போனது அவர்கள் கண்ணில் படவே படாது. அந்தப் படியைச் சேர்த்து அனுப்பினால் அது உண்மையான பங்களிப்பு.

‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ (புதியவர்களுக்கு ஏற்றது) என்று முத்திரை குத்திய வேலைகளையும் பார்க்கலாம். எடுப்பதற்கு முன் கீழே உள்ள உரையாடல் முழுவதையும் படி. பெரிய ப்ராஜெக்ட்டுகளில் யாராவது முன்பே கையில் எடுத்திருப்பார்கள்.

தெரியாமல் எதையாவது தட்டி, ஒரிஜினல் கோடைக் கெடுத்துவிட்டால்?
(டிப்ளமோ மாணவர், திண்டுக்கல்)

கெடுக்க முடியாது தம்பி. ஃபோர்க் செய்தால் கிடைப்பது உன் பெயரில் ஒரு நகல். அதில் தனி பிராஞ்ச் (கிளை) போட்டு மாற்றுகிறாய். புல் ரெக்வெஸ்ட் என்பது ‘இதைச் சேர்த்துக்கொள்கிறீர்களா’ என்று கேட்பதுதான். மெயின்டெய்னர் அதை மெர்ஜ் செய்கிற (சேர்த்துக்கொள்கிற) வரை அவர்கள் கோடில் ஒரு எழுத்துகூட அசையாது.

உங்கள் முதல் புல் ரெக்வெஸ்ட் எப்படிப் போனது?
(சாப்ட்வேர் டெஸ்டர், சென்னை)

ஒரு கோப்பில் பிழைச்செய்தி ஒன்றில் ஒரே ஒரு சொல் தப்பு. திருத்தி அனுப்பினேன். எது மாறியது என்று காட்டும் டிஃப்பைத் திறந்தால் 400 வரிக்கு மேல் சிவப்பு (நீக்கியது), அத்தனையும் மறுபடி பச்சை (சேர்த்தது). நான் தொட்டது ஒரு வரி! கை நடுங்கியது. அழித்துவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

காரணம் வரி முடிவுக் குறி. லினக்ஸில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும், விண்டோஸில் இரண்டு. என் எடிட்டர் கோப்பைச் சேமிக்கும்போது எல்லா வரியையும் விண்டோஸ் முறைக்கு மாற்றிவிட்டது. மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் என்ற மென்பொருளின் பார்வையில் எல்லா வரியும் புதிது.

மெயின்டெய்னர் திட்டவில்லை. “வரி முடிவைப் பழையபடி மாற்றி, இதே பிராஞ்சுக்குத் தள்ளுங்கள்” என்று எழுதினார். இது பலருக்குத் தெரிவதில்லை: ரெக்வெஸ்ட்டை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டாம். அதே பிராஞ்சில் திருத்தினால் அது தானே புதுப்பித்துக்கொள்ளும். மறுநாள் மெர்ஜ் ஆனது. அனுப்புவதற்கு முன் டிஃப்பை வரி வரியாகப் படிக்கும் பழக்கம் அன்று வந்தது, இன்றுவரை விடவில்லை.

நான் தமிழாசிரியர். கோடிங் தெரியாது. எனக்கும் இடம் உண்டா?
(மதுரை)

உங்களுக்காகத்தான் ஐயா இடம் காலியாக இருக்கிறது. லிப்ரேஆபிஸுக்கு வெப்லேட், ஃபயர்பாக்ஸுக்கு பொன்டூன், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கிக்கு டிரான்ஸ்லேட்விக்கி என்ற தளங்களில் பிரவுசரிலேயே மொழிபெயர்க்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். ‘பேஜ் 3 ஆஃப் 10’ என்பதில் எண்கள் வரும் இடத்தில் சதவீதக் குறியும் ஓர் எழுத்தும் நிற்கும். தமிழில் வரிசை புரண்டு ‘10இல் 3ஆம் பக்கம்’ ஆகிவிடுகிறது. குறிகளை அப்படியே விட்டால் ‘3இல் 10ஆம் பக்கம்’ என்று திரையில் வரும். சி மொழியில் எழுதிய மென்பொருளில் சதவீதக் குறிக்குப் பக்கத்தில் 2$, 1$ என்று வரிசை எண் கொடுத்தால் சரியாகிவிடும்.

வேற்றுமை உருபும் அப்படித்தான். கோப்பின் பெயர் வரும் இடத்தில் ‘ஐ’ ஒட்டினால் ‘படம்ஐ நீக்கு’ என்று நிற்கும். ‘கோப்பை நீக்கு: படம்’ என்று வாக்கியத்தையே மாற்றிப் போடுங்கள். புணர்ச்சி தெரிந்தவர் பார்க்காததால்தான் பல மென்பொருள்களில் தமிழ் கரடுமுரடாக இருக்கிறது. எனக்கு இது ரொம்ப நாள் ஆதங்கம்.

அக்டோபரில் புல் ரெக்வெஸ்ட் போட்டால் டி-ஷர்ட் என்றார்கள். சும்மா ரீட்மீயில் ஏதாவது சேர்க்கலாமா?
(கல்லூரி மாணவர், திருச்சி)

வேண்டாம்பா. நீ சொல்வது ஹாக்டோபர்ஃபெஸ்ட். ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஊக்குவிக்க டிஜிட்டல்ஓஷன் என்ற நிறுவனம் அதை 2014இல் தொடங்கியது. 2020 அக்டோபரில் டி-ஷர்ட்டுக்காகப் பலர் ரீட்மீயில் ஒன்றுக்கும் உதவாத சொற்களைச் சேர்த்து அனுப்ப, மெயின்டெய்னர்கள் அவற்றை மூடியே களைத்தார்கள். அதன்பிறகு, விருப்பம் தெரிவித்த ப்ராஜெக்ட்டுகள் மட்டுமே கணக்கில் வரும் என்று அந்த மாதமே விதியை மாற்றினார்கள். நீ விளையாட்டாக அனுப்பும் ஒவ்வொன்றையும் சம்பளமில்லாமல் யாரோ ஒருவர் தூக்கத்தை விட்டுப் படிக்கிறார்.

ஏஐ எழுதிய கோடை அனுப்பலாமா என்று வேறு சிலர் கேட்டிருந்தார்கள். ஜென்டூ லினக்ஸ் என்ற ப்ராஜெக்ட் 2024இல் அதைத் தடை செய்தது. வேறு இடங்களில் வேறு விதி. அந்தந்த ப்ராஜெக்ட்டின் விதிகள் இருக்கும் காண்ட்ரிப்யூட்டிங் கோப்பைப் படியுங்கள். எங்கே ஆனாலும், ‘இந்த வரி எதற்கு’ என்று கேட்டால் உங்களால் விளக்க முடியவேண்டும்.

அனுப்பி மூன்று வாரம் ஆச்சு. பதிலே இல்லை. என் கோடு மட்டமா?
(ஐடி ஊழியர், ஓசூர்)

அப்படி நினைக்காதீர்கள். அவர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். தானியங்கிச் சோதனைகள் எல்லாம் பச்சையாக இருக்கிறதா, மெயின் பிராஞ்சோடு முட்டல் (அதே வரியை வேறு யாரோ மாற்றியிருப்பது) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒரே வரி: “நேரம் கிடைக்கும்போது பார்க்க முடியுமா? ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் சொல்லுங்கள், செய்கிறேன்.” எனக்கு இப்படி வந்த வரிகளுக்கு அன்றைக்கே உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறேன்.