பாலிஷ் வேண்டாம், அம்மா

கேள்வி: என் கொழுந்தனார் இருபது வருஷம் லண்டனில் இருந்தார். ஊர் ஊராகக் கச்சேரி செய்யும் ஒரு ராக் கலைஞர் தன்னிடமிருந்த கிட்டார்களை விற்றபோது ஒரு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கி வைத்திருந்தார். மேடையில் வாசித்தது, முன்பக்க வெள்ளைத் தகட்டில் அந்தக் கலைஞரின் கையெழுத்து இருக்கிறது. போன தை மாதம் கொழுந்தனார் தவறிவிட்டார். கிட்டார் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பின்பக்கம் முழுக்கக் கீறல், ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பிரிட்ஜின் திருகெல்லாம் துரு. தெரிந்த தச்சர் பாலிஷ் போட்டுப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகளோ வாசித்துப் பார்க்க வேண்டும் என்கிறாள். என்ன செய்யலாம்?
- வாசகி, திருநகர், மதுரை

பதில்: தச்சரிடம் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அம்மா. மற்றதைப் பிறகு பேசுவோம்.

அந்தக் கீறல்கள் பெல்ட் பக்கிள் உரசியவை. தோளில் மாட்டி நின்று வாசிக்கிறவரின் கிட்டாரில் அந்த இடத்தில்தான் விழும். மேல் விளிம்பில் முன்கை படுகிற இடத்தைப் பாருங்கள், அங்கும் பெயின்ட் தேய்ந்திருக்கும். ஸ்ட்ரிங் அழுந்தி அழுந்தி, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் சின்னச் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். திருகில் இருக்கிற துரு, மேடை விளக்குச் சூட்டில் கையிலிருந்து வழிந்த வேர்வை. கையெழுத்துள்ள தகட்டைப் பதினொரு திருகு கழற்றினால் வேறொரு கிட்டாரில் மாட்டிவிடலாம். இந்தத் தேய்மானத்தை அப்படி மாற்ற முடியாது. நான் கையெழுத்தை இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுடைய கிப்சன் கிட்டார் ஒன்று 1963 வாக்கில் காணாமல் போய், ஐம்பது வருஷம் கழித்து வேறொருவர் வீட்டில் கிடைத்தது. அவருடையதுதான் என்று உறுதி செய்ய, பழைய புகைப்படங்களில் தெரிந்த மர ரேகைகளோடும் தழும்புகளோடும் ஒப்பிட்டார்கள். 2015-ல் அது 24 லட்சம் டாலருக்குப் போனது. யாராவது நடுவில் இழைத்துப் பெயின்ட் அடித்திருந்தால்? பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மருடைய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஓட்டை போட்டு, பிறகு அடைத்த இடங்கள் உண்டு. 2019 ஜூனில் நியூயார்க் ஏலத்தில் அதே கிட்டார் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலர் பெற்றது. பணம் முழுவதையும் கில்மர் சுற்றுச்சூழல் வழக்குகள் நடத்தும் ஓர் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்.

உங்களுடையது அவ்வளவு போகும் என்று சொல்லவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மெல்லிசைக் குழுவில் பதினெட்டு வருஷம் வாசித்தேன். அலங்காநல்லூர், உசிலம்பட்டி, மேலூர் என்று திருவிழாவுக்குத் திருவிழா, விடிய விடிய. ஃப்ரெட் மாற்றக் கொடுத்த கிட்டாரை, அன்பில்தான், கடைக்காரர் புதுப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். என் கை தேய்த்த இடம் எங்கே என்று தடவித் தடவிப் பார்த்தேன். கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு அதை மடியில் வைத்தால் இரவல் வாங்கியது போலவே இருந்தது.

கொழுந்தனாரின் பெட்டியைத் துழாவி பில், கடிதம், விமானத்தில் ஒட்டிய சீட்டு வரை எல்லாவற்றையும் ஒரு கவரில் போடுங்கள். கிட்டாரின் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழையதென்றால் பின்பக்க உலோகத் தகட்டிலும், 1976-க்குப் பிந்தியதென்றால் பெரும்பாலும் தலைப்பகுதியிலும் இருக்கும். அந்தக் கலைஞரின் கச்சேரிப் படங்களை மகளைத் தேடச் சொல்லுங்கள். ஒரே ஒரு தழும்பு பொருந்தினாலும் போதும், அது எந்தச் சான்றிதழையும்விடப் பெரிது.

பரணில் மட்டும் ஏற்றாதீர்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற பரண் அடுப்பு மாதிரி. கழுத்து வளையும், பெயின்ட்டில் மயிரிழை வெடிப்பு ஓடும். கீழ் அறையில், வெளிச்சுவரை ஒட்டாமல், பெட்டிக்குள் இருக்கட்டும். கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினால் வெளிச்சத்தில் கையெழுத்து வெளுத்துவிடும். அதன்மேல் ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படக்கூடாது, மை கரைந்துவிடும்.

மகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். வாசிக்கத்தானே செய்தார்கள் அதை! பழைய ஸ்ட்ரிங்கைக் கழற்றி அந்தக் கவரிலேயே வையுங்கள், புதிதாக 9 அல்லது 10 கேஜ் (ஸ்ட்ரிங்கின் தடிமன்) செட் போடச் சொல்லுங்கள். வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஸ்ட்ரிங்கை மட்டும் துடைக்கட்டும். இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு மட்டும் வாசிக்க வேண்டாம். அந்தப் பின்பக்கக் கீறல்கள் அந்தக் கலைஞருடையவை. புதிதாக ஒன்று அதில் கலக்க வேண்டாம்.