ஹிஸ்டோகிராமுக்கு எந்த அச்சு? ஒரே தரவு ஏன் இரண்டு வடிவம் காட்டுகிறது

கேள்வி: முதுகலை ஆய்வுக்காகச் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் வாங்கிய கடன் தொகைகளைத் திரட்டியிருக்கிறேன். ஆயிரம் ரூபாய் முதல் பத்து லட்சம் வரை இருக்கிறது. பைத்தானில் ஹிஸ்டோகிராம் (எந்தத் தொகைப் பிரிவில் எத்தனை பேர் என்று காட்டும் பட்டைப் படம்) வரைந்தால் இடது ஓரத்தில் ஒரே உயரமான பட்டை. மற்றவை தரையோடு தரையாகக் கிடக்கின்றன. கிடை அச்சை மட்டும் லாக் ஸ்கேலுக்கு, அதாவது ஒவ்வொரு பத்து மடங்குக்கும் சம இடைவெளி தரும் அளவுகோலுக்கு, மாற்றினேன். முதல் பட்டை பெருத்து, மற்றவை ஒல்லியாகிவிட்டன. தொகைகளுக்கு முதலில் லாக் எடுத்துவிட்டு வரைந்தால் அழகான மணி வடிவம் வருகிறது. "வடிவத்தை நீயே வரவழைக்கிறாயா?" என்று கேட்கிறார் என் வழிகாட்டி. ஆய்வேட்டில் எதைப் போடுவது?

பதில்: உங்கள் முதல் படமும் மூன்றாவது படமும் சரியானவை. நடுவில் வரைந்ததுதான் தவறு. உங்கள் வழிகாட்டி கேட்டது நியாயமான கேள்வி; அதற்கு நேரான பதிலும் இருக்கிறது.

புள்ளிகளை மட்டும் குறிக்கும் படத்தில் அச்சை மாற்றினால் புள்ளிகள் இடம் நகரும், அவ்வளவுதான். ஹிஸ்டோகிராம் அப்படியல்ல. அங்கே தரவை முதலில் பிரிவுகளாக வெட்டுகிறோம், ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்று எண்ணுகிறோம், பிறகுதான் வரைகிறோம். எந்த அளவுகோலை வைத்து வெட்டினோமோ அதுவே வடிவத்தைத் தீர்மானிக்கிறது. வெட்டி முடித்த பிறகு அச்சை மாற்றினால், ஒரு அளவுகோலில் எண்ணியதை இன்னொன்றில் வரைந்ததாக ஆகிவிடும்.

இதை நீங்களே செய்து பார்க்க நல்ல தரவு ஒன்று உண்டு. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளோடு 'ஐலண்ட்ஸ்' என்ற சிறு தொகுப்பு சேர்ந்தே வருகிறது. 10,000 சதுர மைலுக்கு மேற்பட்ட 48 நிலப்பகுதிகளின் பரப்பளவு அதில் இருக்கிறது: கண்டங்களும் உண்டு, தீவுகளும் உண்டு. இலங்கை 25,000 சதுர மைல் என்று பதிவாகியிருக்கிறது, ஆசியா 1,69,88,000. உங்கள் கடன் தொகைகளைப் போலவே மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் இடையே ஆயிரம் மடங்குக்குக் குறையாத வீச்சு.

எந்த மாற்றமும் செய்யாமல் வரைந்தால் ஆர் 20 லட்சம் சதுர மைல் அகலமுள்ள பிரிவுகளை எடுத்துக்கொள்கிறது. முதல் பட்டையில் 41 நிலப்பகுதிகள் அடைபடுகின்றன. மீதி ஏழும் வலப்பக்கம் சிதறிக் கிடக்கின்றன. இலங்கையும் கிரீன்லாந்தும் ஒரே பட்டைக்குள் போய்விடுகின்றன. படம் பொய் சொல்லவில்லை. ஆனால் 41 நிலப்பகுதிகளைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

இப்போது லாக் எடுத்து, பத்து மடங்கு ஒவ்வொன்றையும் இரண்டு சம பங்காக வெட்டுங்கள். 10,000 முதல் சுமார் 31,600 வரை 20. அங்கிருந்து ஒரு லட்சம் வரை 15. பிறகு 5, 1, 1, 4, 2. நடுவில் ஒரு பள்ளம் விழுவதைக் கவனியுங்கள். இடப்பக்கம் தீவுகள், வலப்பக்கம் கண்டங்கள், இடையில் கிரீன்லாந்தும் ஆஸ்திரேலியாவும் தனித்தனியாக. இரண்டு வகை நிலப்பகுதிகள் கலந்திருக்கின்றன என்ற செய்தி முதல் படத்தில் புதைந்து கிடந்தது. லாக் ஸ்கேல் தன் வேலையைச் செய்யும் இடம் இதுதான். கூடவே ஓர் எச்சரிக்கை: இடது ஓரத்தில் பட்டை செங்குத்தாக வெட்டி நிற்பது இயற்கையால் அல்ல, 10,000 சதுர மைலுக்குக் குறைந்தவற்றைத் தொகுப்பில் சேர்க்காததால். உங்கள் குழுக்களில் குறைந்தபட்சக் கடன் வரம்பு இருந்தால் அங்கேயும் இதே சுவர் தெரியும்.

நீங்கள் செய்த நடுப்படத்தை இந்தத் தரவில் செய்தால் என்ன ஆகும்? 20 லட்சம் வரையான முதல் பட்டை லாக் அச்சில் படத்தின் அகலத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கை விழுங்கிவிடும். கண் பார்ப்பது பட்டையின் உயரத்தை மட்டுமல்ல, பரப்பையும்தான். ஆகவே அகலத்தால் வந்த பெருக்கத்தை எண்ணிக்கையின் பெருக்கமாகப் படித்துவிடுவோம். பிரிவுகளின் அகலம் சமமாக இல்லாவிட்டால் எண்ணிக்கையை அகலத்தால் வகுத்து அடர்த்தியாக வரைய வேண்டும் என்று பள்ளியில் படித்தது இதற்காகத்தான். ஆர் உதவிப் பக்கத்தில் இதே தரவின் வர்க்கமூலத்தைச் சமமற்ற பிரிவுகளில் வகுக்காமல் வரைந்து காட்டி, 'தவறான ஹிஸ்டோகிராம்' என்றே தலைப்பு வைத்திருக்கிறார்கள். அதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பைத்தானில் தீர்வு எளிது. பிரிவின் எல்லைகளை நம்பை என்ற எண் கணக்கு நூலகத்தின் 'ஜியோம்ஸ்பேஸ்' கொண்டு ஆயிரத்திலிருந்து பத்து லட்சம் வரை சம விகிதத்தில் அமைத்து, அவற்றை ஹிஸ்டோகிராமுக்குக் கொடுத்த பிறகு அச்சை லாக் ஆக்குங்கள். பட்டைகள் ஒரே அகலத்தில் நிற்கும். அச்சில் 3, 4, 5 என்று லாக் எண்கள் இல்லாமல் 1,000, 10,000, ஒரு லட்சம் என்று ரூபாயிலேயே குறிக்கலாம். படம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிபின் ஹிஸ்டோகிராம் கட்டளையில் 'லாக்' என்றொரு தேர்வு இருக்கிறது. அது நிலை அச்சை, அதாவது எண்ணிக்கையைத்தான் லாக் ஆக்கும், கிடை அச்சை அல்ல. பலர் இதில் சறுக்குகிறார்கள்.

இனி மணி வடிவம். இங்கேதான் மிகவும் கவனம் வேண்டும். ஒரு கணக்கு: ஆயிரம் ரூபாய் முதல் பத்து லட்சம் வரை எல்லாத் தொகைகளும் சமமாகப் பரவியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண அச்சில் படம் தட்டையாக இருக்கும். லாக் அச்சில் மூன்றே பிரிவாக வெட்டினால் 1,000–10,000க்குள் ஏறத்தாழ 1 சதவீதம், 10,000–ஒரு லட்சத்துக்குள் 9, ஒரு லட்சம்–பத்து லட்சத்துக்குள் 90. தட்டையான தரவு, வலப்பக்கம் மலையாக எழுகிறது. காரணம், வலப்பக்கப் பிரிவு ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பத்து மடங்கு ரூபாய் அகலம் கொண்டது.

ஆகவே உங்கள் மணியின் உச்சி 40,000 ரூபாயில் இருந்தால், 'பெரும்பாலோர் வாங்கியது 40,000' என்று எழுதாதீர்கள். உச்சி அளவுகோலோடு நகரும். இடைநிலை நகராது: வரிசையில் நடுவில் நிற்பவர் லாக் எடுத்தாலும் நடுவில்தான் நிற்பார். இடைநிலையை ஒரு கோடாகப் படத்தில் காட்டுங்கள். விளக்கத்தையும் அதை வைத்தே எழுதுங்கள். சராசரி இப்படிப்பட்ட தரவில் திசை திருப்பிவிடும். நிலப்பகுதித் தரவில் இடைநிலை 41,000 சதுர மைல், சராசரி சுமார் 12.5 லட்சம், அந்தச் சராசரிக்குப் பக்கத்தில் ஒரு நிலப்பகுதிகூட இல்லை.

வழிகாட்டியிடம் நீங்கள் சொல்ல வேண்டியது: வடிவத்தை வரவழைக்கவில்லை, ரூபாய் வித்தியாசத்துக்குப் பதில் விகிதத்தை அளந்திருக்கிறேன். 5,000 கடன் 10,000 ஆவதும் 50,000 ஒரு லட்சமாவதும் ஒரே அளவு மாற்றம் என்று கருதுவதே லாக் அச்சு. குடும்பங்களின் கடன் சுமையைப் பற்றிய ஆய்வுக்கு இது பொருந்தும் என்பது என் கருத்து. மொத்தப் பணம் யாரிடம் குவிந்திருக்கிறது என்பது உங்கள் கேள்வியானால் பொருந்தாது. இந்தப் படம் ஆட்களை எண்ணுகிறது, பணத்தை அல்ல.

நிலை அச்சை லாக் ஆக்க வேண்டாம். அந்த அச்சில் பூஜ்ஜியமே கிடையாது. ஒருவர் மட்டும் இருக்கும் பிரிவும் யாருமே இல்லாத பிரிவும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். அரிதான பெரிய கடன்களின் வால் எப்படித் தேய்கிறது என்று பார்ப்பதே நோக்கமானால் மட்டும் தனிப்படமாக வையுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். கடன் வாங்காதவர்களைப் பூஜ்ஜியம் என்று பதிந்திருந்தால் லாக் அச்சில் அவர்கள் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள்; எத்தனை பேர் என்று படத்தின் கீழே எழுதுங்கள். எல்லாவற்றோடும் 1 கூட்டி லாக் எடுக்கும் குறுக்குவழி வேண்டாம். ரூபாயில் கூட்டினால் ஒரு வடிவம், லட்சத்தில் கூட்டினால் வேறு வடிவம் வரும்.

மற்றது, கடன் என்றால் 10,000, 20,000, 50,000 என்று முழுத் தொகைகளில்தான் கூட்டம் இருக்கும். பிரிவின் எல்லை சரியாக 10,000இல் விழுந்தால் நம்பை அந்தக் கூட்டத்தை வலப்பக்கப் பட்டையில் போடும், ஆர் இடப்பக்கப் பட்டையில் போடும். ஒரே தரவு, ஒரே எல்லைகள், ஆனாலும் இரண்டு படம். எல்லைகளை 9,500, 19,000 என்று சற்று விலக்கி வைத்து, அவற்றைப் பின்னிணைப்பில் பட்டியலிட்டுக் கொடுங்கள்.