மதுரையிலிருந்து மெரினா: கையைக் கடிக்காத பயணம்

கேள்வி: நானும் நண்பனும் ஆளுக்கொரு முதுகுப்பையோடு சென்னையும் மெரினாவும் சுற்றப் போகிறோம். செலவைக் குறைக்க வழி சொல்லுங்களேன். – வாசகர், திருமங்கலம்

பதில்: இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலை எழும்பூர், ஓர் இரவு வாடகை மிச்சம். பையை ஸ்டேஷன் க்ளோக் ரூமில் போடலாம். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். இரண்டு ஜிப்பையும் சேர்த்து மாட்ட ஒரு சின்னப் பூட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ரயில் டிக்கெட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

எழும்பூரிலிருந்து கடற்கரை ஸ்டேஷன் போகும் மின்சார ரயிலில் அடுத்த நிறுத்தம் பார்க். இறங்கி, பார்க் டவுனுக்கு நடந்து, வேளச்சேரி பறக்கும் ரயிலைப் பிடித்துத் திருவல்லிக்கேணியில் இறங்குங்கள். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான்.

தங்குவதற்கு அங்குள்ள மேன்ஷன்கள், அதாவது வாடகை அறை விடுதிகள். முன்பணம் கொடுக்குமுன் குழாயைத் திறந்து பாருங்கள், தாழ்ப்பாளையும் போட்டுப் பாருங்கள். அம்மா உணவகத்தில் காலை இட்லி 1 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய்.

மெரினாவில் தயவுசெய்து கால் நனைப்பதோடு நில்லுங்கள். குளிக்கத் தடை. கரையோரமே ஆழம் சட்டென்று இறங்கும். திரும்பும் அலை காலடி மணலை அரித்து ஆளை உள்ளே இழுக்கும். கிணற்று நீச்சல் இங்கே உதவாது.

கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள் விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி.