சின்னான் பெருகுகிறது, சிங்கவால் குரங்கு மட்டும் ஏன் அருகி வருகிறது?

இரண்டுமே பழம் தின்னும் உயிர்கள்தானே, பிறகு ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பென்னாகரத்துக்காரன். எங்கள் பக்கம் குரங்கினம் ஒன்று அருகி வருகிறது என்றால் நம்ப மாட்டார்கள். ஒகேனக்கல்லில் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்குகளைப் பார்த்துப் பழகியவர்கள். அது நாட்டுக்குரங்கு. நீங்கள் கேட்கும் சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. மிஞ்சியிருப்பவை சில ஆயிரம்தான்.

சின்னான், அதாவது கொண்டைக்குருவி, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று முட்டை இடும். பதினைந்து நாளுக்குள் குஞ்சு பொரிக்கும், அடுத்த பதினைந்து நாளுக்குள் அவை கூட்டை விட்டுப் போய்விடும். பாம்போ காக்கையோ கூட்டைக் கலைத்தாலும் அதே பருவத்தில் மறுபடி கட்டும். சிங்கவால் குரங்கோ முதல் குட்டி போடவே ஐந்தாறு வயதாக வேண்டும். ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டி, அடுத்ததற்கு இரண்டரை மூன்று ஆண்டுகள். ஒரு தாய் சாலையில் அடிபட்டுச் செத்தால் அந்தக் கூட்டம் அதை ஈடுகட்டப் பல வருஷம் பிடிக்கும்.

இதைவிடப் பெரிய காரணம் இடம். நாம் காட்டை அழித்தால் சின்னானுக்கு நஷ்டமில்லை. வேலியோரக் கொய்யா, பப்பாளி, தரிசெல்லாம் பரவிய உண்ணிச்செடியின் பழம் எல்லாம் அதற்குத் தீனி. வீட்டு வராந்தா விளக்கின் மேல்கூடக் கூடு கட்டும். ஃபிஜி, ஹவாய் தீவுகளில் மனிதர்கள் கொண்டுபோய் விட்டது, அங்கே விவசாயிகளுக்குத் தொல்லையாகும் அளவுக்குப் பெருகிவிட்டது. சிங்கவால் குரங்கு மரத்துக்கு மரம் தாவியே வாழ்வது. வெடிப்பலா போன்ற மழைக்காட்டு மரங்களை நம்பியிருக்கிறது. தேயிலைத் தோட்டமும் சாலையும் நடுவில் வந்தால் ஒரு கூட்டம் இன்னொன்றோடு சேர வழியில்லை. வால்பாறையில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அது மிகுந்த நம்பிக்கை தருகிறது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் வரவிருந்த அணையை மக்கள் எதிர்த்தபோது இந்தக் குரங்குதான் அந்தப் போராட்டத்தின் முகம். 1984-இல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது.

சின்னானைப் போல இதையும் வேறு காட்டில், எங்கள் ஒகேனக்கல் பக்கம் விட்டால் பிழைக்காதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிழைக்காது. எங்களுடையது வறண்ட காடு, கோடையில் இலை உதிர்ந்து மரங்கள் மொட்டையாக நிற்கும். வருஷம் முழுக்கப் பழம் கிடைக்கும் அடர்ந்த சோலை இங்கே இல்லை.