உழவர் கேள்வி - பதில்: பத்து வீட்டுக்கு ஒரு காய்கறித் தோட்டம்

கேள்வி: 50 சென்ட் செம்மண் நிலம், கிணறு, ஒரு நாட்டு மாடு இருக்கிறது. வீட்டில் உழைக்க நாலு பேர். ரசாயனம் போடாமல் காய்கறி விளைவித்து, மண்டிக்குக் கொண்டுபோகாமல் எங்கள் ஊரிலேயே கொடுக்க ஆசை. எப்படித் தொடங்குவது?
- வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: விதை வாங்கும் முன் வீடுகளை எண்ணுங்கள். முதல் வருடம் பத்து வீடு போதும். வீட்டுக்கு வாரம் 3 கிலோ காய், இரண்டு கட்டுக் கீரை என்றால் 30 கிலோவும் 20 கட்டும் வேண்டும். இதற்குப் பாதி நிலமே போதும்.

மீதி 25 சென்ட்டில் சோளம், கம்பு, உளுந்து, தட்டைப்பயறு, எள், சணப்பு என்று கலந்து 5 கிலோ விதைத்து, பூக்கும் தறுவாயில் மண்ணுக்கு உரமாக மடக்கி உழுங்கள். 15 நாள் மட்க விட்ட பிறகே அடுத்த விதைப்பு. அவசரப்பட்டால் நாற்று வெளுத்துப்போகும். தழையை மட்க வைக்கும் நுண்ணுயிர்களே மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

பலர் சறுக்குவது ஆடிப்பட்டத்தில்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்துவிடுகிறார்கள். புரட்டாசியில் வெண்டை குவிந்து, கடைசியில் மண்டிக்கே போகிறது. வெண்டை, கொத்தவரை இரண்டிலும் பாதி இன்று, பாதி 20 நாள் கழித்து. சிறுகீரைக்கு 4 அடி அகலம், 20 அடி நீளத்தில் நாலு பாத்தி. வாரம் ஒரு பாத்தி விதைத்தால் 25 நாளில் அறுவடை சுற்றிக்கொண்டே இருக்கும். விதையை மணலோடு சாம்பலும் கலந்து தூவுங்கள். இல்லையென்றால் எறும்பு இழுத்துப் போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரை அழுகும். அதை வீடுகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். அந்த மாதங்களுக்கென்று பூசணியை முற்றவிட்டுக் காம்போடு அறுத்துச் சேர்த்து வைத்திருந்தால் கூடை வெறுமையாகப் போகாது.

ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசலுக்கு, 25 சென்ட்டுக்கு 50 லிட்டர் தண்ணீரில்: சாணம் இரண்டரை கிலோ, கோமியம் இரண்டரை லிட்டர், வெல்லம் அரை கிலோ, பயறு மாவு அரை கிலோ, வரப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் 48 மணி நேரம், காலை மாலை கலக்கிவிட்டு, 15 நாளுக்கு ஒருமுறை பாசன நீரோடு விடுங்கள். டிரம்மை இறுக மூட வேண்டாம்.

கேள்வி: தொழு உரம் போட்ட பாத்தியில் கத்தரி நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்கிறதே?
- வாசகர், மணப்பாறை

பதில்: எரு மட்கவில்லை. குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள்: சூடு இருந்தாலோ சாண வாடை வந்தாலோ இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். பச்சை எருவில் வேர்ப்புழுவும் கூடவே வரும். மட்கிய எரு 5 கிலோவில் அழுகலை அடக்கும் நன்மை பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 250 கிராம் கலந்து 25 சென்ட்டுக்குத் தூவுங்கள். தண்ணீரைத் தேங்க விடாதீர்கள்.

கேள்வி: ரசாயனம் போடாதது என்று சான்றிதழ் இல்லாமல் வாங்குபவர்கள் நம்புவார்களா?
- வாசகி, பல்லடம்

பதில்: பக்கத்து விவசாயிகளோடு சேர்ந்து குறைந்தது ஐந்து பேர் குழுவானால், ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதித்துக்கொள்ளும் பிஜிஎஸ்-இந்தியா என்ற அரசுச் சான்றிதழ் முறையில் பதியலாம். ஆனால் பத்து வீட்டுக்காரர்களுக்கு அதைவிட, மாதம் ஒரு ஞாயிறு தோட்டத்தைத் திறந்துவிடுவதே மேல். எந்தப் பாத்தியில் என்றைக்கு என்ன தெளித்தீர்கள் என்று எழுதிய நோட்டைக் கொட்டகையில் தொங்கவிடுங்கள். பூச்சி அரித்த காயையும் மறைக்காமல் காட்டுங்கள்.