காலையில் கிளம்ப மறுக்கும் லாரி

கேள்வி: யஷ்வந்த்பூர் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிவரும் என் பழைய டீசல் லாரி, இரவு முழுதும் நின்றால் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே கிளம்புகிறது. அப்போது சைலன்சரில் புகையே இல்லை. பகலில் உடனே கிளம்பிவிடுகிறது. பெங்களூரின் குளிர்தான் காரணமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: குளிரைக் குறை சொல்ல வேண்டாம், இங்குள்ள மார்கழிக் குளிரில் டீசல் உறைவதில்லை. புகையே இல்லை என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பதுதான் முக்கியமான தடயம். டீசல் சிலிண்டருக்குள் சென்றும் எரியாமல் போனால் வெண்புகை வரும். புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை என்றே பொருள். டேங்கிற்கும், அதிலிருந்து டீசலை இழுத்து அனுப்பும் ஃபீட் பம்பிற்கும் இடையே எங்கோ காற்று புகுவதால், இரவில் டீசல் மெல்ல டேங்கிற்கே இறங்கிவிடுகிறது என்று கருதுகிறேன். இது உறிஞ்சும் பக்கம் என்பதால், வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாமலே காற்று உள்ளே போகக்கூடும். பல மெக்கானிக்குகள் ஏமாறுவது இங்கேதான்.

நாளைக் காலை செல்ஃப் அடிக்கும் முன், டீசலைக் கையால் ஏற்ற உதவும் கைப் பம்பை அது இறுகும்வரை அழுத்திப் பாருங்கள். பிறகு வண்டி உடனே கிளம்பினால் ஐயம் ஏறக்குறைய உறுதியாகிவிடும். அதன்பின் ஹோஸ் கிளிப்புகள், செம்பு வாஷர்கள், ஃபில்டரின் ரப்பர் வளையம், கைப் பம்பின் வால்வு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு இப்போது சம்மதிக்காதீர்கள். அது வீண் செலவு. கைப் பம்பு அடித்தும் பலனில்லையென்றால், செல்ஃப் சுற்றும்போது 24 வோல்ட் பேட்டரியின் மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.