வெறும் பீட்தான் வாசித்தேன், வெட்கமாக இருக்கிறது

கேள்வி:

எனக்கு வயது 31. பதினோரு வருடமாக டிரம்ஸ்தான் பிழைப்பு. பாடல் பதிவு, டிவி நிகழ்ச்சி, கல்யாண ரிசப்ஷன் கச்சேரி என்று எது வந்தாலும் போவேன். "கையைக் காட்டாதே, பாட்டைக் காட்டு" என்று சொல்லித்தான் என் மாஸ்டர் என்னை வளர்த்தார். இன்றுவரை அப்படித்தான் வாசிக்கிறேன். என்னோடு ஒரே வகுப்பில் கற்ற நண்பன் வேகவேகமாக ரோல் அடித்து வீடியோ போடுகிறான், அவனை ஒன்றரை லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். நான் வாசித்த பாட்டுகளில் இரண்டு நன்றாக ஓடின. ஒன்றில்கூட என் பெயர் இல்லை. "பாட்டு ஹிட்டுங்கிறீங்க மாப்பிள்ளை, உங்க பேரு எங்கே?" என்று மாமனார் கேட்கும்போது பதில் வரவில்லை. போன மாதம் ஒரு பதிவில் நான்கு நிமிடமும் வெறும் பீட் மட்டும் வாசித்தேன். நடுவில் அலங்காரமாக வாசிக்கிற ஃபில் ஒன்றுகூட இல்லை. வெளியே வந்தபோது அவமானமாக இருந்தது. எனக்கு அமெரிக்க டிரம்மர் ஜிம் கெல்ட்னர் என்றால் உயிர். அவரைப் போல எண்பது வயதிலும் குச்சி பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை. அடக்கமாக இருந்து நான் ஏமாந்துவிட்டேனா, அண்ணா?

- பெயர் வேண்டாம், வடபழனி

பதில்:

அன்புத் தம்பி,

உங்கள் கடிதத்தில் கெல்ட்னர் பெயரைப் பார்த்ததும் எழுந்துபோய் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாஸ்டர் சொன்னது சரி. நீங்கள் வாசித்ததும் சரி. ஆனால் அவர் அடக்கச் சொன்னது கையை மட்டும்தான். நீங்கள் வாயையும் சேர்த்து அடக்கிக்கொண்டீர்கள். உங்கள் வருத்தம் முழுவதும் இந்த இரண்டாவதிலிருந்து வருகிறது, பழியை மட்டும் முதலாவதின் மேல் போடுகிறீர்கள்.

கெல்ட்னரையே எடுத்துக்கொள்வோம். 1942இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டல்சாவில் பிறந்தவர். மனது முழுக்க ஜாஸ். வயிற்றுப்பாட்டுக்காக 1965இல் ஒரு பாப் குழுவோடு பதிவுக்குப் போனார், அங்கே ஆரம்பித்த வழி இன்றுவரை நீள்கிறது. ஜான் லெனன், ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார், பாப் டிலன், ரை கூடர், ஸ்டீலி டான் என்று அவர் யார் யாருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தார் என்ற பட்டியல் உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். அந்தப் பட்டியலை விட்டுவிட்டு ஒரே ஒரு நாளைப் பார்க்கலாம்.

1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். வங்கதேச அகதிகளுக்காகப் பண்டிட் ரவிசங்கர் கேட்டுக்கொள்ள, ஜார்ஜ் ஹாரிசன் ஏற்பாடு செய்த கச்சேரி. மேடையில் இரண்டு டிரம் செட். ஒன்றில் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ, மற்றொன்றில் கெல்ட்னர். இரண்டு டிரம்மர் ஒரே பாட்டுக்கு வாசித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். காலால் இயக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட், இரண்டு செட்டிலும் மயிரிழை தள்ளி விழுந்தால் போதும், மொத்தப் பாட்டும் சலசலத்துப் போகும். ரிங்கோ மேடையில் வாசித்து வெகுநாள் ஆகியிருந்த நேரம் வேறு. கெல்ட்னருக்கு அப்போது 29 வயது, உங்களைவிட இரண்டு வயது சின்னவர். அவ்வளவு பெரிய கூட்டத்தில், அவ்வளவு பெரிய மேடையில், தன் கையில் என்ன இருக்கிறது என்று காட்ட அதைவிட நல்ல நாள் வாய்க்குமா? அவர் என்ன செய்தார் தெரியுமா? ரிங்கோவின் பீட்டுக்குக் குறுக்கே விழுந்துவிடக் கூடாது என்று தன் ஹை-ஹாட்டைக் குறைத்துக்கொண்டார். ரிங்கோவின் அடி எங்கே விழுகிறது என்று பார்த்து அதன் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய வழியில் நிற்காமல் இருப்பதுதான் அன்று தன் வேலையாக இருந்தது என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதைப் பணிவு என்று நாம் சொல்கிறோம். எனக்கு அதைவிட, காது என்று சொல்லத் தோன்றுகிறது. எதை வாசிக்காமல் விட வேண்டும் என்று தெரிய, பக்கத்தில் இருப்பவனை அவ்வளவு கூர்மையாகக் கேட்டாக வேண்டும். தன் சத்தத்திலேயே லயித்திருப்பவனுக்கு அது வராது.

உங்கள் நான்கு நிமிட வெறும் பீட்டுக்கு வருகிறேன். 1973 பிப்ரவரியில், கலிபோர்னியாவின் பர்பாங்க் நகரில் ஒரு படத்துக்காக பாப் டிலன் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். சொர்க்கத்தின் கதவைத் தட்டும் அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. குண்டடிபட்ட வயதான ஷெரிப் ஒருவர் ஆற்றங்கரையில் செத்துக்கொண்டிருக்கிறார், அவர் மனைவி பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அந்தக் காட்சி திரையில் ஓட, அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். இரண்டரை நிமிடப் பாட்டு. டிரம்ஸில் என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதச் சொன்னால் முதல் வருட மாணவன் எழுதிவிடுவான். வாசித்து முடிக்கும்வரை கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை என்கிறார் கெல்ட்னர். வாசித்துக்கொண்டே அழுவது தன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று அவர் சொல்லியிருக்கிறார். இன்று ராத்திரி ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, குரலை மறந்துவிட்டு டிரம்ஸை மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு அடியும் எவ்வளவு தாமதித்து, எவ்வளவு மெல்ல வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்கே ஒரு ரோல் விழுந்திருந்தால் அந்த ஷெரிப் நிம்மதியாகச் செத்திருக்க முடியாது.

நீங்கள் வாசித்த பாட்டில் ஃபில் வேண்டும் என்று இசையமைப்பாளர் கேட்டாரா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். ஃபில் இல்லாமல் நான்கு நிமிடம் டெம்போ ஆடாமல், பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் பாரத்தைக் குறைத்து, சரணத்தில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இதில் அவமானம் எங்கே வந்தது? டெம்போ காட்டும் கிளிக் சத்தம் காதில் ஓட நான்கு நிமிடம் ஒரே பீட்டை உயிரோடு வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று உங்கள் மாமனாருக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும்.

அடங்கி வாசிப்பவருக்குக் கற்பனை குறைவு என்றும் யாரும் நினைத்துவிட வேண்டாம். 1988இல் ஹாரிசன், டிலன், டாம் பெட்டி, ஜெஃப் லின், ராய் ஆர்பிசன் ஐவரும் சேர்ந்து ஒரு ஆல்பம் செய்தார்கள். டிரம்ஸ் கெல்ட்னர். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நண்பரின் வீட்டில் பதிவு நடந்தது. ஒரு பாட்டுக்கு அவர் சமையலறைக்குப் போய், ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே இருந்த கம்பித் தட்டுகளைக் குச்சியால் வாசித்தார். அது அப்படியே ஆல்பத்தில் இருக்கிறது. பாட்டு என்ன சத்தம் கேட்கிறதோ அதைத் தேடிக்கொண்டு ஃப்ரிட்ஜ்வரை போகிற மனம் அது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சார்லி வாட்ஸும் கெல்ட்னரும் சேர்ந்து 2000இல் ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். உலகம் அறிந்த இரண்டு டிரம்மர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அவர்கள் வைத்த பெயர் என்ன? மேக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, ராய் ஹேன்ஸ், கென்னி கிளார்க், டோனி வில்லியம்ஸ்... எல்லாம் தாங்கள் மதித்த டிரம்மர்களின் பெயர்கள். தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளக் கிடைத்த இடத்தில் அவர்களின் பெயரை வரிசையாக எழுதி வைத்தார்கள். எனக்கு அதைப் படிக்கும்போது மனது நிறைந்துபோகும்.

சரி, பெயருக்கு வருவோம். உங்கள் உண்மையான வலி இங்கேதான் இருக்கிறது, அதை லேசாகத் தள்ளிவிட மாட்டேன்.

1973இல் வந்த ஹாரிசனின் ஆல்பம் உறையில் ஜிம் கெல்ட்னர் ரசிகர் மன்றம் என்று ஒரு அறிவிப்பு இருந்தது. விவரம் வேண்டுவோர் 'ஸ்டாம்ப் ஒட்டிய, ஆடை உடுத்தாத யானை' ஒன்றை அனுப்பி வைக்கவும் என்று முகவரியும் போட்டிருந்தார்கள். நண்பர்கள் கூடிச் செய்த குறும்பு. ஆனால் யோசித்துப் பாருங்கள், பீட்டில்ஸில் இருந்த ஒருவர் கூலிக்கு வாசிக்க வந்த டிரம்மருக்குத் தன் ஆல்பத்திலேயே மன்றம் வைத்தார் என்றால், அந்த அன்பு எப்படிச் சம்பாதித்தது?

எல்லோருக்கும் ஒரு ஹாரிசன் கிடைக்க மாட்டார். அதனால்தான் கெல்ட்னரோடு ஹால் பிளேன் என்கிற டிரம்மரையும் நீங்கள் படிக்க வேண்டும் என்கிறேன். 1929இல் பிறந்து 2019இல் மறைந்த மனிதர். 1960களில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் அவர் கை படாத நாள் கிடையாது. 1966 தொடங்கி 1971 வரை, ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி விருது பெற்ற ஆறு பாட்டுகளிலும், வரிசையாக ஆறு ஆண்டும், டிரம்ஸ் அவர்தான். ஆனால் அந்தக் காலத்து உறைகளில் பின்னணிக் கலைஞர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. 1965இல் பேர்ட்ஸ் குழுவின் முதல் பெரிய ஹிட்டில் வாசித்தது பிளேன், உறையில் படமாக நின்றது அந்தக் குழுவின் டிரம்மர்.

பிளேன் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டு திரியவில்லை, ஒடுங்கியும் போகவில்லை. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொண்டார். 'ஹால் பிளேன் மறுபடியும் அடித்துவிட்டார்' என்கிற பொருளில் ஒரு வாசகம். போகிற ஸ்டுடியோவில் எல்லாம், தான் வாசித்த நோட்டுத் தாளில் அதை ஒரு குத்து குத்திவிட்டுத்தான் எழுந்திருப்பார். பாட்டுக்குள் பாடகருக்குப் பின்னால் நின்றார். தாளில், நான் இங்கே வந்தேன், இதை நான் வாசித்தேன் என்று பதிந்துவிட்டுப் போனார். இந்த இரண்டும் ஒரே மனிதனுக்குள் நிம்மதியாக இருந்திருக்கிறது, தம்பி. பல வருடம் கழித்து அவர் என்னென்ன வாசித்தார் என்று தேடியவர்களுக்கு அந்த முத்திரைகள் உதவின. அவர்களுடைய இசைக் கலைஞர் சங்கமும் மூன்று மணி நேரப் பதிவுக்கு இவ்வளவு கூலி, குழுத் தலைவருக்கு இரட்டிப்பு என்று விதி வைத்து வசூலித்துக் கொடுத்தது. அடக்கமான கலைஞர்களின் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த விதியால்.

அவருக்கும் இறக்கம் வந்தது. டிரம் மெஷின் வந்தது, அழைப்புகள் குறைந்தன, விவாகரத்தில் சொத்து போனது. ஒரு காலத்தில் செக்யூரிட்டி வேலைகூடப் பார்த்தார். பிறகு 2000இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பின்னணிக் கலைஞர்களுக்கென்று ஒரு வரிசை திறந்தபோது, முதல் ஆண்டே உள்ளே போனவர்களில் அவரும் ஒருவர். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நல்ல மாதத்தில் வருகிற பணத்தில் ஒரு பங்கை உங்கள் மனைவி கையில் கொடுத்து, தொடாமல் வைக்கச் சொல்லுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாளைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, ஸ்டுடியோ, பாட்டின் முதல் வரி, இசையமைப்பாளர், எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம், வந்ததா பாக்கியா என்று எழுதுங்கள். பதினோரு வருடத்தில் நினைவுக்கு வருவதையும் எழுதிவிடுங்கள். அடுத்த கால்ஷீட்டை ஒப்புக்கொள்ளும்போதே, வாசிப்பதற்கு முன்பே, "சார், கிரெடிட்டில் டிரம்ஸ்னு என் பேரும் வர்ற மாதிரி பாத்துக்கோங்க" என்று ஒரு வரி சொல்லுங்கள். பாட்டு வெளியான பிறகு கேட்டால் அது புகார் ஆகிவிடும். முன்னால் கேட்டால் ஒரு தகவல், அவ்வளவுதான். ஆன்லைனில் வரும் பாட்டுக்கு வாசித்தவர்களின் பெயரைச் சேர்க்க இடம் இருக்கிறது, யாரும் எழுதிக் கொடுக்காததால்தான் பல பெயர்கள் விடுபடுகின்றன. பெயரைச் சரியான எழுத்தோடு நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சங்கச் சந்தாவை நிலுவை இல்லாமல் வைத்திருங்கள்.

நண்பன் விஷயம். அவன் வாசிப்பது வேறு வேலை, அதற்கும் உழைப்பு வேண்டும். அவனைப் பார்த்து மனம் சுருங்க வேண்டாம். 1974இல் ஹாரிசனும் ரவிசங்கரும் வட அமெரிக்கா முழுக்கச் சுற்றிவந்த கச்சேரிக் குழுவில் கெல்ட்னரும் இருந்தார். அதே குழுவில் தபேலாவுக்கு அல்லா ரக்கா, மிருதங்கத்துக்கு நம் டி.வி. கோபாலகிருஷ்ணன், வயலினுக்கு எல். சுப்ரமணியம். விரல் வேகத்தில் அல்லா ரக்காவோடு யார் போட்டி போட முடியும்? அவரவர் இடத்தில் அவரவர் வாசித்தார்கள், ஊர் ஊராக ஒன்றாகப் போனார்கள். நண்பனை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

எண்பது வயது ஆசையைப் பற்றிக் கேட்டீர்கள். 2024இல் டிலன் மறுபடி ஒரு நீண்ட பயணம் கிளம்பினார். டிரம்ஸில் உட்கார அவர் கூப்பிட்டது கெல்ட்னரைத்தான். அப்போது இவருக்கு 82 வயது. அந்த ஆற்றங்கரைப் பாட்டை வாசித்து 51 வருடம் ஆகியிருந்தது. முதுகையும் மணிக்கட்டையும் இப்போதிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள், காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் ரிசப்ஷன் கச்சேரியில் ஸ்பீக்கர் பக்கம் உட்காராதீர்கள். இது உத்தரவு.

மாமனார் அடுத்த முறை கேட்கும்போது அந்த நோட்டை எடுத்து அவர் கையில் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டைப் போட்டு, உங்கள் பீட் எங்கே இருக்கிறது என்று விரலால் மேஜையில் தட்டிக் காட்டுங்கள். அவர் ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு அது அவர் காதை விட்டுப் போகாது.

அந்த நான்கு நிமிடப் பாட்டு எப்போது வெளியாகிறது? முதல் வரியை மட்டுமாவது எழுதி அனுப்புங்கள், தம்பி. நான் கேட்க வேண்டும்.